‘இங்ஙனம்’ அல்ல, ‘இங்கன’

1

பங்குனி பிறந்தால் எங்கள் ஊரில் மிளகாய்ப் பழம் களத்துக்கு வந்துவிடும். இங்கே ஒஹாயோவில் எனக்குப் பங்குனி என்றால் கூட்டம். கட்சிக் கூட்டமும் இல்லை, கோயில் கூட்டமும் இல்லை. என் மகள் கயலைப் பற்றிப் பேசுவதற்கு வருடத்துக்கு ஒரு தடவை பெற்றோரை அழைத்து உட்கார வைக்க வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கூட்டம்.

நீளமான மேசை. ஒரு பக்கம் பள்ளிக்கூடத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எதிர்ப் பக்கம் நானும் என் கணவரும். நடுவில் முகம் துடைக்கும் காகித டப்பா ஒன்று. யார் அழப்போகிறார்கள் என்பதை அவர்களே முடிவு செய்து, டப்பாவை என் பக்கமாக நகர்த்தி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் இதுவரை ஒரு தாள்கூட எடுத்ததில்லை.

கயலுக்கு எட்டு வயது. ஆட்டிசம். சொந்தமாகப் பேசுவது குறைவு. காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வது அதிகம். சொல்கிறவரின் குரல், இழுப்பு, இருமல் எல்லாம் சேர்ந்தே வரும். இந்த ஊர்ப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். கூடவே உதவிக்கு ஒருவர். இதெல்லாம் சும்மா கிடைத்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருக்கிறேன்.

கூட்டம் தொடங்குமுன் ‘உங்கள் உரிமைகள்’ என்று ஒரு புத்தகம் தருவார்கள். போன வருடம் தந்ததுதானே என்றால், தர வேண்டியது சட்டம் என்பார்கள். ஆடிக்கொண்டிருந்த எங்கள் சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் இப்போது என் உரிமைகள் நான்கைந்து பிரதிகளாக இருக்கின்றன. மேசை ஆடுவதில்லை.

அப்புறம் மொழிபெயர்ப்பாளர். கயலைப் பள்ளியில் சேர்த்த அன்று, வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்டார்கள். தமிழ் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து எந்தக் கூட்டமானாலும் தொலைபேசியில் ஒரு தமிழ் அம்மா வந்துவிடுவார். எனக்கு ஆங்கிலம் தெரியும், வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அது உங்கள் உரிமை என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத உரிமையை நான் இந்த நாட்டில்தான் பார்க்கிறேன்.

“வணக்கம் அம்மா. தங்களுக்கு மொழிபெயர்ப்பதற்காக இணைந்துள்ளேன்” என்பார் அந்த அம்மா. சுத்தமான செய்தி வாசிப்புத் தமிழ். அந்தத் தமிழைக் கேட்டாலே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

2

இந்த வருடக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, கயலைச் சோதித்துப் பார்த்த அறிக்கை வீட்டுக்கு வந்தது. சோதித்தவர் பேச்சுப் பயிற்சி ஆசிரியை ஹெதர். நல்ல பெண், சின்ன வயது, எப்போது பார்த்தாலும் கழுத்தில் வண்ண வண்ண அட்டைகளாகத் தொங்கும். சட்டப்படி பிள்ளையைத் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பதால், நம் தொலைபேசி அம்மாவையும் துணைக்கு வைத்துக்கொண்டு சோதித்திருக்கிறார்.

அறிக்கையில் ஒரு பத்தி. நான் தமிழில் சொல்கிறேன். ‘மாணவியிடம் பொம்மையைக் கொடுத்து, எங்கே வைக்கலாம் என்று கேட்கப்பட்டது. பொம்மையை நாற்காலியில் வைத்துவிட்டு “இங்ஙனம்” என்றார். மொழிபெயர்ப்பாளரின் விளக்கப்படி, இது தமிழில் விண்ணப்பங்களின் முடிவில், கையெழுத்துக்கு மேலே எழுதப்படும் சொல். சூழலோடு தொடர்பில்லாதது. சன்னலைக் காட்டி “அங்ஙனம்” என்றார். இது பழைய நூல்களில் வரும் இணைப்புச் சொல். இதுவும் தொடர்பில்லாதது.’

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை படித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன்.

வேறு ஜில்லாக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ராமநாதபுரம் பக்கம் யாரும் ‘இங்கே’ என்று சொல்ல மாட்டோம். இங்கன. அங்கன. எங்கன. இங்கன வா, அங்கன வை, எங்கன போறே. கயல் பொம்மையை நாற்காலியில் உட்கார வைத்து ‘இங்கன’ என்றிருக்கிறாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில், அதுவும் அவளே சொந்தமாகச் சொன்ன பதில். அந்தச் செய்தி வாசிப்புக் காதில் அது ‘இங்ஙனம்’ ஆகி, என் எட்டு வயது மகள் பொம்மைக்கு விண்ணப்பம் எழுதி முடித்தவளாகிவிட்டாள்.

இன்னொன்றும் இருந்தது. அறையை விட்டுக் கிளம்பும்போது கயல் ‘வாரேன்’ என்றிருக்கிறாள். தொலைபேசியில் கேட்ட அம்மா ‘வருகிறேன்’ என்று சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார். பிள்ளை வெளியே போய்க்கொண்டிருந்தது அவருக்கு எங்கே தெரியும்? ஆகவே, போவதற்கும் வருவதற்கும் வேறுபாடு தெரியவில்லை என்று ஹெதர் எழுதிவிட்டார். அட கொடுமையே! வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லியிருந்தால் நான் அல்லவா அவள் வாயில் போட்டிருப்பேன்!

கடைசிப் பக்கத்தில் முடிவு. இரு மொழிகளிலும் பயன்படுத்தத்தக்க சொற்கள் போதுமானதாக இல்லை. எனவே வரும் கல்வியாண்டு முதல் ஊரின் மறு கோடியில் உள்ள தனிக் கட்டடத்துக்கு, தனி வகுப்புக்கு மாற்றலாம் என்று பரிந்துரை.

அந்தக் கட்டடத்தை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல முடியாது. சுத்தம், விளையாட்டுச் சாமான், மெத்தென்ற தரை. ஆனால் சத்தமே இல்லை. அங்கே இருக்கும் பிள்ளைகளில் அநேகம் பேர் பேசாத பிள்ளைகள். என் மகளுக்கு வார்த்தை வருவதே இன்னொரு பிள்ளையின் வாயைப் பார்த்துத்தான். அங்கே போனால் அவள் யாரைப் பார்த்துத் திருப்பிச் சொல்வாள்? நான் பயந்தது அதற்குத்தான். மற்றதெல்லாம் எரிச்சல், அது மட்டும் பயம்.

பெரியவன் கதிர் அப்போது சோபாவில் கிடந்தான். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். தமிழில் கேட்டால் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை.

“டேய் கதிர், இங்கனன்னா என்னடா?” என்று கேட்டேன். சாட்சிக்கு வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கட்டும் என்றுதான்.

“அது கயலோட வேர்டு இல்லையா, மா? அவளே மேக் பண்ணினது” என்றான் தலையைத் தூக்காமல்.

நான் பெற்ற பிள்ளை. தினமும் நான் ‘இங்கன வாடா’ என்றால் எழுந்து வருகிறவன். அது ஒரு வார்த்தை என்றே அவனுக்குத் தெரியவில்லை. அறிக்கையைப் படித்தபோது வராத கண்ணீர் எனக்கு அப்போதுதான் வந்தது. என் இரண்டு பிள்ளைகளில் என் ஊர்த் தமிழை வாயில் வைத்திருப்பது பேச்சே இல்லை என்று எழுதப்பட்ட பிள்ளைதான்.

3

கயலுக்கு அந்தத் தமிழ் என்னிடமிருந்து பாதி, என் அண்ணன் முருகேசனிடமிருந்து பாதி வந்தது. தொண்டி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. அண்ணனுக்கு அங்கே கொஞ்சம் மிளகாய்க் கொல்லை. வாரத்தில் பாதி நாள் வீடியோவில் வந்துவிடுவார். கயலை “மருமகளே” என்றுதான் கூப்பிடுவார். அவர் இருமினால் அவளும் இருமுவாள்.

அண்ணன் மகள் தனத்துக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் விறைப்பு. பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பாள், அவ்வளவுதான். படிப்பில் கெட்டிக்காரி. ஊர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு மாடியில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ராம்ப் உண்டு. வாசலிலிருந்து வராந்தாவுக்கு அழகாகச் சரிவாக ஏறும், கைப்பிடிக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கும். அதிகாரிகள் வந்து அதன்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது அதில் தினமும் ஏறுவது தலைமையாசிரியரின் மோட்டார் பைக். வெயில் படாமல் வராந்தாவில் நிறுத்துகிறார். ராம்ப் முடிகிற இடத்தில் மாடிப்படி ஆரம்பிக்கிறது.

ஜூன் மாதத்திலிருந்து தனத்தை அண்ணன்தான் முதுகில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். தை மாதம் இடுப்பு விட்டுப்போனது.

“அப்ப தனம் எப்படிண்ணே மேல போகுது?” என்று கேட்டேன்.

“போகலத்தா. சாருகிட்டப் பேசிட்டேன். கீழ ஆறாப்புலயே ஒரு ஓரமா உக்காந்துக்கட்டும்னுட்டாரு. எட்டு வரைக்கும் எல்லாரும் பாஸ்தானாம்ல. நல்ல மனுசன்.”

அந்த ‘நல்ல மனுசன்’ எனக்கு ஏறிவிட்டது. “ஏழாப்புப் பிள்ளைய ஆறாப்புல உக்கார வைக்கிறவன் நல்ல மனுசனா? ஏழாப்பக் கீழ இறக்கி, ஆறாப்ப மேல ஏத்தச் சொல்லுண்ணே. ரூமை மாத்துறதுக்கு என்ன கேடு?”

“ஒரு பிள்ளைக்காக வகுப்ப மாத்துவாகளா?”

“மாத்தணும்னு சட்டம் இருக்குண்ணே.”

“சட்டம் ஒஹாயோல இருக்கும்த்தா.”

“ராமநாதபுரத்துலயும் இருக்குண்ணே!”

“இருக்கட்டும், இருக்கட்டும். நான் மனுக் குடுத்திருக்கேன்” என்று பேச்சை முடித்துவிட்டார். அண்ணன் மனு எழுதினால் கடைசியில் ‘இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள’ என்று போட்டுக் கையெழுத்துப் போடுவார். எங்கள் குடும்பத்தில் ‘இங்ஙனம்’ வருகிற ஒரே இடம் அதுதான். அதைப் போய் என் மகள் தலையில் கட்டினார்களே!

4

கோபம் வந்தால் சிலர் பாத்திரம் கழுவுவார்கள். நான் மேசைக் காலுக்கு அடியிலிருந்து என் உரிமைகளை உருவி எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். மேசை மறுபடியும் ஆடத் தொடங்கியது.

எழுபத்தைந்தாம் வருடம் வரை இந்த நாட்டிலும் கதை நம் கதைதான். நடக்க முடியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, புத்தி மெதுவான பிள்ளை வந்தால், இது இங்கே படிக்கிற பிள்ளை இல்லை என்று பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பலாம். பல மாநிலங்களில் அப்படி அனுப்புவதற்கே சட்டம் இருந்திருக்கிறது. பெற்றோர் கோர்ட்டுக்குப் போய்ப் போய், அந்த வருடம்தான் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. காசு வாங்கக் கூடாது. இயன்ற மட்டும் மற்ற பிள்ளைகளோடு சேர்த்துத்தான் படிக்க வைக்க வேண்டும்.

தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்ற வரி வந்த கதையைத் தேடிப் படித்தேன். ஸ்பானிஷ் பேசுகிற குடும்பத்துப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, பதில் வராததால் மந்தபுத்தி என்று எழுதித் தனி வகுப்பில் தள்ளியிருக்கிறார்கள். அந்தப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பிள்ளைக்கு அறிவில்லையா, கேட்டவருக்குப் பாஷை தெரியவில்லையா என்று பார்க்காமல் எழுதாதே என்பதுதான் அந்த வரியின் சாரம். அதே வரியைப் பிடித்துக்கொண்டுதான் கயலைத் தமிழில் சோதித்திருக்கிறார்கள். சோதித்த தமிழ்தான் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை.

நம் ஊரிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. தொண்ணூற்றைந்தில் ஒன்று வந்தது. அப்புறம் கல்வி உரிமைச் சட்டம். இரண்டாயிரத்துப் பதினாறில் முந்தியதைவிடப் பெரியதாக ஒன்று. பள்ளிக் கட்டடம் எல்லாப் பிள்ளைகளும் புழங்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நொண்டி என்றார்கள். பிறகு ஊனமுற்றோர் என்று எழுதினார்கள். இப்போது மாற்றுத்திறனாளி. மரியாதை கூடியது சந்தோஷம்தான். தனம் அன்றைக்கும் கீழேதான் உட்கார்ந்திருந்தாள்.

புத்தகத்தில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு வரி. பிள்ளையைப் பற்றித் தெரிந்தவர் யாரை வேண்டுமானாலும் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்து வரலாம். அதன்கீழ் பேனாவால் கோடு போட்டேன்.

5

கூட்டம் காலை எட்டு மணிக்கு. ஊரில் மாலை, வெயில் இறங்குகிற நேரம்.

தலைமை வகித்தவர் கென். கல்வி அலுவலகத்து ஆள், கோபமே வராத முகம். நான் என்ன சொன்னாலும் “உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது” என்பார். புரிந்ததற்கான அறிகுறி எதுவும் அதற்குப் பிறகு இருக்காது.

‘இங்கன’ என்றால் ‘இங்கே’ என்று சொன்னேன். என் கணவர் தஞ்சாவூர்க்காரர். அவரும் பலமாகத் தலையாட்டினார். ஹெதர் பேனாவைக் கையில் எடுத்தார். ஆனால் தொலைபேசி அம்மா விடவில்லை.

“மன்னிக்கவும் அம்மா. தாங்கள் குறிப்பிடுவது ‘இங்கே’ என்ற சொல்லாக இருக்கலாம். குழந்தை கூறியது ‘இங்ஙனம்’ என்றே என் செவியில் விழுந்தது.”

“உங்களுக்கு எந்த ஊரும்மா?” என்றேன் பொறுக்க முடியாமல்.

“அதைத் தெரிவிக்க எங்களுக்கு அனுமதி இல்லை அம்மா.”

“பெற்றோரின் விளக்கத்தையும் குறிப்பில் சேர்த்துக்கொள்வோம்” என்றார் கென். சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொண்டு, தனிக் கட்டடத்துக்கும் அனுப்புவார்கள். நான் கோடு போட்ட பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பிள்ளையைப் பற்றித் தெரிந்த ஒருவரை அழைக்கிறேன், கயலையும் வகுப்பிலிருந்து கூட்டி வாருங்கள் என்றேன். அவருக்கு மறுக்க வழியில்லை. அண்ணனுக்கு வீடியோவில் அடித்தேன்.

அண்ணன் களத்தில் நின்றார். தலையில் துண்டு, பின்னால் சிவப்புச் சிவப்பாக மிளகாய்க் குவியல். பனி விழுவதற்குள் அள்ளி மூட வேண்டுமே, அந்த அவசரத்தில் இருந்தார்.

“என்னத்தா இந்நேரத்துல? இரு. ஏலே, அந்தச் சாக்க அங்கன போடாத, ஈரம்! இங்கன போடுலே. இங்கன, இங்கன!”

சாக்கை இழுத்துக்கொண்டு போன ஆள் திரும்பி வந்து அண்ணன் காலடியில் போட்டான். ஹெதர் மேசைமேல் பாதி உடம்பைச் சாய்த்து என் போனைப் பார்த்தார்.

“இன்னொரு முறை சொல்லச் சொல்ல முடியுமா?” என்றார்.

“அண்ணே, இன்னொரு சாக்கு இருந்தா அதையும் போடச் சொல்லு.”

“எதுக்குத்தா?”

“சொல்லுண்ணே, சொல்றேன்.”

தங்கைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். இருந்தாலும் சொன்னார். இரண்டாவது சாக்கும் அங்கனயிலிருந்து இங்கன வந்தது. ஹெதர் வேக வேகமாக எழுதினார்.

அதற்குள் கயலைக் கூட்டி வந்துவிட்டார்கள். போனில் மாமனைப் பார்த்ததும் முகம் விரிந்தது. யாரும் சொல்லித் தராமல் பக்கத்திலிருந்த காலி நாற்காலியை இழுத்து, அதன்மேல் உள்ளங்கையால் தட்டினாள். “மாமா, இங்கன. மாமா இங்கன.”

தொலைபேசியில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அப்புறம், “அச்சொல்லுக்கு ‘இவ்விடம்’ என்று பொருள் கொள்ளலாம் போலும்” என்றார் அந்த அம்மா. எனக்கு அந்த அம்மாவை அந்த நொடியில் மன்னித்துவிடத் தோன்றியது.

அத்தோடு போனை வைத்திருக்க வேண்டும். அதற்குள் அண்ணன் மேசையையும் மனிதர்களையும் பார்த்துவிட்டார்.

“பள்ளியோடத்துல இருக்கீகளா? என்னத்தா, மருமகள வச்சுக்க மாட்டேங்குறாகளா?”

“அதெல்லாம் இல்லண்ணே...” என்று நான் சொல்லி முடிக்கவில்லை. அண்ணன் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர்த் தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற அதே மாதிரி நின்றார்.

“அய்யா, அம்மா, ஒரு வார்த்த. எங்க மருமக ஒரு சேட்டையும் பண்ணாது. யாருக்கும் எடஞ்சலா இருக்காது. ஒரு ஓரமா உக்கார வச்சுக்கங்க. ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்யா.”

இதைத் தொலைபேசி அம்மா ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் மொழிபெயர்த்தார்.

கென் முகம் மலர்ந்தது. “குடும்பத்துப் பெரியவரும் தனியான இடமே நல்லது என்று நினைப்பது நமக்கு உதவியாக இருக்கிறது” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். அண்ணன்மேல் ஆத்திரம், கென்மேல் ஆத்திரம், அண்ணனை அப்படிக் கேட்கப் பழக்கிய ஒவ்வொருவர்மேலும் ஆத்திரம். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். தொலைபேசி அம்மா என் பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“அவர் தனி இடம் கேட்கவில்லை. துரத்திவிடாதீர்கள் என்று கேட்கிறார். அவருக்கு வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி இப்படித்தான் நிற்கிறார், வேறு எப்படிக் கேட்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் நாட்டிலும் ஒரு காலத்தில் பெற்றவர்கள் இப்படித்தான் நின்றிருப்பார்கள். இனி யாரும் அப்படி நிற்க வேண்டாம் என்றுதானே இந்தச் சட்டத்தைப் போட்டீர்கள்? போட்டுவிட்டு, இங்கன ஒரு கட்டடத்தைக் கட்டி ஓரம் என்று பெயர் வைக்காமல் வைத்திருக்கிறீர்களே!”

சொல்லிவிட்டுக் காகித டப்பாவை கென் பக்கமாகத் தள்ளினேன். ஏன் தள்ளினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை போய்விட்டது.

முதலில் பேசியது ஹெதர்தான். ‘பயன்படுத்தத்தக்க சொற்கள் இல்லை’ என்று நான் எழுதியது தவறு, அந்த வரியை எடுத்துவிடுகிறேன், மறுபடியும் சோதிக்கிறேன் என்றார். அந்த வரி போனால் தனிக் கட்டடத்துக்குக் காரணம் இல்லை. கென் காகிதங்களைப் புரட்டினார். கயல் இருக்கிற வகுப்பிலேயே இருக்கட்டும், அடுத்த வருடக் கூட்டத்தில் பார்ப்போம் என்றார். அடுத்த வருடமும் பங்குனி வரும், எனக்குத் தெரியும்.

வாசலுக்கு வந்து அண்ணனுக்குச் சொன்னேன்.

“சேத்துக்கிட்டாகளா?” என்றார்.

“அவ அங்கனதாண்ணே படிக்கிறா, ஏற்கெனவே.”

“அப்ப எதுக்குத்தா கூட்டம்?”



6

இதற்குப் பிறகு ஹெதருக்குத் தமிழ் ஆர்வம் பிடித்துக்கொண்டது. கயலின் ஒவ்வொரு சொல்லுக்கும் படம் வரைந்து ஓர் அட்டை. ‘இங்கன’வுக்குக் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் இப்போது இங்கன, அங்கன என்கிறார்களாம். தொண்டி பஸ்ஸில் கேட்கிற சொல்லை ஒஹாயோவில் இரண்டாம் வகுப்பே சொல்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் கயல் அன்றைக்கு மாமன் சொன்னதில் வேறொன்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது “ஒரு ஓரமா.” காரில் ஏறும்போது “ஒரு ஓரமா.” சோறு தின்னும்போதும் அதுதான். அண்ணனின் அதே குரல், அதே கெஞ்சுகிற இழுப்பு. சொல்லாதடி என்றால் என் அதட்டலையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை அவள் பையில் ஒரு புது அட்டை இருந்தது. ஒரு சுவர், சுவரை ஒட்டித் தனியாக ஒரு நாற்காலி. கீழே ஆங்கில எழுத்தில் ‘ஒரு ஓரமா’. கூடவே ஹெதர் கையால் எழுதிய துண்டுச் சீட்டு, சிரிக்கிற முகம் போட்டு: ‘கயலின் புதிய சொல்! வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்டது!’ மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டு, பொருள் சரிபார்த்துத்தான் செய்திருக்கிறார். யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபத்தைப் போல எரிச்சல் பிடித்தது உலகத்தில் கிடையாது.

அன்று அண்ணன் வீடியோவில் வந்தபோது அட்டையைத் திரைக்கு நேரே பிடித்தேன்.

“என்னத்தா அது, நாக்காலியா?”

“ஆமாண்ணே. அன்னைக்கு நீ கேட்டதுதான். ஒரு ஓரமா.”

அவருக்குப் பக்கத்தில் பாடப் புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த தனம் தலையை நீட்டிப் பார்த்தாள். “அய்யா, அது நான் உக்கார்ற எடம்ல? அத்தைக்கு யாரு வரஞ்சு குடுத்தா?” என்றாள்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அதக் கிழிச்சுப் போடுத்தா” என்றார்.

கிழிக்க வரவில்லை. இந்த ஊரில் எதைச் செய்தாலும் லேமினேட் பண்ணிவிடுவார்கள். இழுத்துப் பார்த்தேன், பல்லால் கடித்துப் பார்த்தேன். சனியன், மடங்கியதே தவிரக் கிழியவில்லை. அடுப்படியில் மீன் வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்து வந்து குறுக்கே நறுக்கினேன். சுவர் ஒரு துண்டாக, நாற்காலி ஒரு துண்டாக மேசையில் விழுந்தது.

கயல் ஓடி வந்து நாற்காலித் துண்டை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எக்கி, ஆடுகிற எங்கள் சாப்பாட்டு மேசையின் நடுவில் அதை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள்.

“இங்கன.”

“என்ன சொல்லுது மருமக?” என்றார் அண்ணன்.

“இங்கனங்குதுண்ணே.”

“எங்கன வச்சிருக்கு, காட்டுங்கத்த” என்றாள் தனம். போனைத் திருப்பிக் காட்டினேன்.

“நட்ட நடுவுல வச்சிருக்குய்யா!” என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “திங்கக்கெழம நானும் சாருகிட்ட இப்புடிச் சொல்லவா?”

“நீ சொல்லாத. நான் சொல்றேன்” என்றார் அண்ணன். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். கட்டி முடித்த பிறகு, “சரி, ரெண்டு பேருமே சொல்லுவோம்” என்றார்.